ஹூட்டைக் கழற்றிவிட்டு நுவரெலியா ஏறினால் அப்படி என்னதான் இருக்கிறது?

கம்பளைப் பொடியன்:
மச்சான் 948 சீசீ மொறிஸ் மைனர் ஒன்று வாங்கியிருக்கிறார், ஹூட், அதாவது மடிக்கிற துணிக் கூரை வைத்த கார். வருகிற பெப்ரவரியில் எங்களையும் ஏற்றிக்கொண்டு புசல்லாவை வழியாக நுவரெலியா போக வேண்டுமாம், அதுவும் ஹூட்டை மடித்துவிட்டு. மனைவி கேட்கிறாள், "ஜன்னலைத் திறந்தால் வருகிற காற்றுக்கு எதற்குத் தனியாக ஒரு கார்?" என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், உண்மையில் வேறுமாதிரி இருக்குமா, இல்லை ஊரார் பார்க்க வேண்டும் என்பதற்கான பவுசு மட்டும்தானா?

நானுஓயாக்காரன்:
பவுசும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஜன்னல் காற்று கன்னத்தில் அறையும், அவ்வளவுதான். இது வேறு. நான் கூட்டாளியின் கூரை திறந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் இதே பாதையில் ஏறினேன். பஸ்ஸில் நூறு தடவை போன பாதைதான், ஆனால் தேயிலை ஃபெக்டரி ஒன்று வருகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொன்னது. வளைவு திரும்புவதற்கு முன்பே அந்த வாட்டிய கொழுந்தின் வாசம் வந்துவிடும், அப்புறம்தான் தகரக் கூரை தெரியும். கம்பளையிலிருந்து மேலே வர 1,300 மீற்றருக்கு மேல் ஏறுகிறோம், ஆயிரம் மீற்றருக்கு ஆறு, ஆறரை பாகை வீதம் குளிர் கூடும், அதை வெப்பமானியில் பார்க்கத் தேவையில்லை, கழுத்தே கணக்குச் சொல்லும். ஓடை குறுக்கே போகிற மடக்குகளில் திடீரென்று ஒரு குளிர், பத்து மீற்றர் தாண்டினால் மறுபடி வெயில். றம்பொடை சுரங்கத்துக்குள் செகண்ட் கியரில் போய்ப் பாருங்கள், என்ஜின் சத்தம் சுவரில் பட்டு நெஞ்சுக்குள் வந்து இறங்கும். கால்மாட்டில் ஹீட்டர், தலைக்கு மேல் மூடுபனி, அந்தச் சுகத்துக்குப் பெயர் தெரியவில்லை.

கொழுந்துக்கூடை:
தம்பி, உங்கள் மனைவிக்கு நான் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் என்னவர் ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பில், கன்வஸைக் கழற்றிவிட்டு, ஹற்றனிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். காற்று இரைச்சலில் பேசினால் கேட்காது, காதோடு வாயை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அவர் கியர் மாற்றும்போதெல்லாம் கை என் முழங்காலில் பட்டது, அது தற்செயல் என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார். சென். கிளேயர் நீர்வீழ்ச்சிப் பக்கம் வந்தபோது தூறல் விழுந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. சேலை நனைந்து, முடி கலைந்து, வீட்டுக்குப் போனபோது மாமியார் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி அதை விடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. சின்ன வயதில் கொழுந்து லொறியின் பின்னால், சாக்குகளுக்கு மேல் மல்லாந்து படுத்து வானம் ஓடுவதைப் பார்த்தவர்கள் நாங்கள். கணக்கப்பிள்ளை கண்டால் ஏச்சு விழும். அதே சுகத்தைத்தான் இப்போது காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

பழைய ஸ்பேனர்:
எல்லாரும் கவிதை எழுதிவிட்டீர்கள். லொறிக்குப் பின்னால் ஏற்றத்தில் மாட்டினால் வருகிற கறுப்புப் புகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஹூட் இல்லாவிட்டால் அதுவும் முழுசாக உங்களுக்குத்தான். மைனர் செகண்டில் முனகிக்கொண்டு ஏறும், முந்திப் போக நினைக்க வேண்டாம், நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போங்கள். காற்று முன்னாலிருந்து அடிக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், உண்மையில் கண்ணாடிக்கு மேலால் போகிற காற்று உள்ளே சுழன்று பின்கழுத்தில்தான் விழும், அதனால் பக்கத்துக் கண்ணாடிகளை ஏற்றி வையுங்கள். பின் சீட்டில் இருக்கிறவர் அப்படிச் செய்தாலும் தப்ப முடியாது. ஹீட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அந்தக் காலத்தில் அது தனியாகக் காசு கொடுத்துப் பூட்டுகிற சாமான். குளிராக இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம், உயரத்தில் வெயில் இன்னும் மோசமாகச் சுடும், சாயங்காலம் மூக்கு உரியும். பின்னேரம் மூடுபனி இறங்கும், காலையிலேயே கிளம்புங்கள். நனைந்த ஹூட்டை மட்டும் மடித்து வைக்கக்கூடாது, ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். நான் அப்படி ஒன்றைப் பாழாக்கியிருக்கிறேன். மச்சானிடம் கதவுக்குக் கீழே இரண்டு ஓரங்களிலும் துரு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், கூரை இல்லாத காருக்கு முதுகெலும்பே அதுதான்.

கம்பளைப் பொடியன்:
எல்லாவற்றையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கொழுந்துக்கூடை அக்கா எழுதியதை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாள். வருகிறாளாம். ஆனால் காரை நான்தான் ஓட்ட வேண்டுமாம், அவள் முன் சீட்டில், மச்சானும் அவர் மனைவியும் பின்னால். இதை மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று யாராவது சொல்லுங்கள்.