ரோம், புளோரன்ஸ், வெனிஸ்: விசா வருமுன் ரயில் டிக்கெட் வாங்கிவிடலாமா?

நெல்லை_அஞ்சல்காரர்

வணக்கம். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செப்டம்பர் கடைசியில் மனைவி, தங்கை, மாப்பிள்ளை, நான் என நான்கு பேர் இத்தாலி போகிறோம். ரோமில் மூன்று இரவு, புளோரன்ஸில் மூன்று, வெனிஸில் இரண்டு. நடுவில் ஒரு நாள் பீசா கோபுரத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது தங்கையின் ஆசை.

நெல்லை எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு திறக்கும் நாளில் காலை எட்டு மணிக்கே காத்துக்கிடந்து பழகியவன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. திங்கட்கிழமை பார்த்தபோது ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு ஒருவருக்கு 25 யூரோ. வியாழக்கிழமை அதே ரயில், 33 யூரோ. நான்கு பேருக்கு 32 யூரோ மூன்றே நாளில் போய்விட்டது. நேற்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

இத்தாலி போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பம் கொடுக்க ஜூலை 14ஆம் தேதிதான் கிடைத்திருக்கிறது. அதற்கே தலைக்கு 90 யூரோ கட்டணம். டிக்கெட்டை இப்போதே வாங்கி, விசா மறுக்கப்பட்டால்? வாங்காமல் இருந்து, இடமே கிடைக்காமல் போனால்? காத்திருப்போர் பட்டியல், ஆர்.ஏ.சி. எல்லாம் அங்கே உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை_மீனா

ஐயா, முதலில் தூங்குங்கள்.

காத்திருப்போர் பட்டியல் அங்கே கிடையாது. வேக ரயில்களில் டிக்கெட் என்றாலே இருக்கை எண்ணோடுதான். ஒரு ரயிலில் இடம் இல்லாவிட்டால் அடுத்த ரயில். ரோமுக்கும் புளோரன்ஸுக்கும் இடையே ட்ரெனிடாலியா, இடாலோ என்று இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஓட்டுகின்றன. பகலில் ஒரு மணி நேரத்துக்குள் பல ரயில்கள், பயணமோ ஒன்றரை மணி நேரம்தான். இடத்தைப் பற்றிப் பயமே வேண்டாம். விலைதான் விமான டிக்கெட் போல ஏறும்.

நீங்கள் பார்த்த 25 யூரோ அநேகமாக சூப்பர் எகானமி என்ற மலிவு டிக்கெட் வகையாக இருக்கும். அதை வாங்கினால் தேதியை மாற்ற முடியாது, பணமும் திரும்ப வராது. எகானமி என்றால் பயணத்தை மாற்றலாம், பணம் வராது. பேஸ் என்பது முழு விலை. ரயில் கிளம்பும்வரை மாற்றிக்கொள்ளலாம், ரத்து செய்தால் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். விசா கைக்கு வருமுன் சூப்பர் எகானமி வாங்குவது, பெண் பார்க்கப் போகுமுன்பே கல்யாண மண்டபத்துக்கு முழுப்பணம் கட்டுவது போல.

நான் 2023 மே மாதம் போனேன். விசா வந்த பிறகுதான் வாங்கினேன், அந்த மட்டும் சரி. ஆனால் விமானம் இறங்கும் அதே நாளுக்கு வாங்கித் தொலைத்தேன். விமானம் காலை ஏழுக்கு ரோம் வரும், ரயில் பதினொன்றுக்கு, நான்கு மணி நேரம் போதாதா என்று கணக்கு. விமானம் மூன்று மணி நேரம் தாமதம். பாஸ்போர்ட் வரிசையில் நின்றபடியே, ரோமின் பெரிய ரயில் நிலையமான டெர்மினியிலிருந்து எங்கள் ரயில் கிளம்பிவிட்டதைக் கைபேசியில் பார்த்தேன். மூன்று டிக்கெட், 60 யூரோ. புதிதாக வாங்கியதற்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. கூட வந்த மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நீங்கள் முதலில் ரோமிலேயே தங்குவதால் அந்தத் தொல்லை இல்லை. விமான நிலையத்திலிருந்து டெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 32 நிமிடம், 14 யூரோ. எப்போது வாங்கினாலும் அதே விலை, இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பீசாவுக்கும் இப்போது ஒன்றும் வாங்க வேண்டாம். அது ரெஜியோனாலே, நம் பாசஞ்சர் மாதிரி. மூன்று மாதம் முன்னால் வாங்கினாலும் மூன்று நிமிடம் முன்னால் வாங்கினாலும் விலை ஒன்றுதான், இருக்கை எண்ணும் கிடையாது. காகித டிக்கெட் வாங்கினால் மட்டும், ஏறுமுன் நிலையத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம். முத்திரையின் அருமையை அஞ்சல்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 14க்குக் கொடுத்தால் விசா முடிவு வழக்கமாக 15 நாளில் வந்துவிடும். இழுத்தடித்தால் 45 நாள் வரைகூட ஆகலாம். எப்படியும் கையில் சில வாரங்கள் இருக்கும்.

வடசென்னை_வாசு

மீனா மேடம் சொன்னதோடு சில விஷயங்கள்.

தேடும்போது இத்தாலியப் பெயரைப் போடுங்கள். புளோரன்ஸ் அங்கே ஃபிரென்சே, நீங்கள் இறங்க வேண்டிய நிலையம் சாந்தா மரியா நொவெல்லா. வெனிஸில் மெஸ்த்ரே, சாந்தா லூசியா என்று இரண்டு இருக்கின்றன. மெஸ்த்ரே கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில். பாலத்தைத் தாண்டிப் போய் நிற்பது சாந்தா லூசியா, வெளியே வந்தால் எதிரிலேயே பெரிய கால்வாய். நான் ‘வெனேசியா’ என்ற பெயரைப் பார்த்ததும் மெஸ்த்ரேயில் பெட்டியோடு குதித்துவிட்டு, கால்வாய் எங்கே என்று டாக்ஸிக்காரரிடம் கேட்டவன்.

நிலையப் பலகையில் ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான் இருக்கும். விழுப்புரத்துக்குப் போகிறவர் கன்னியாகுமரி ரயிலைத் தேடுவது போல, புளோரன்ஸுக்கு மிலானோ, வெனேசியா என்று போட்ட ரயிலில் ஏற வேண்டியிருக்கும். ரயில் எண்ணைப் பாருங்கள்.

ரயில் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள், இடைத்தரகுத் தளங்கள் பல தனிக் கட்டணம் வாங்கும். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே அனுமதித்து வையுங்கள். பல கார்டுகளில் நாணய மாற்றுக்கு மூன்றரை சதவீதம் வரை பிடிப்பார்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

நெல்லை_அஞ்சல்காரர்

இருவருக்கும் நன்றி. விசா வந்த அன்று மாலையே இரண்டு நீண்ட பயணங்களையும் எகானமியில் வாங்கிவிடுகிறேன். பீசாவை அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறோம். அதுவரை அந்தத் தளத்தைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அனுமதிக்கப்படாமல்தான் இருந்தது, இப்போது சரிசெய்துவிட்டேன். வாசு தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ஹோட்டல் ரசீதையும் எடுத்துப் பார்த்தேன். ‘வெனிஸில் இவ்வளவு மலிவாக யாருக்கும் கிடைக்காது’ என்று மாப்பிள்ளை பெருமையோடு போட்ட அறை. முகவரியில் மெஸ்த்ரே என்று இருக்கிறது. தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.