மதுரை – மன்னார் கரண்ட் லைன்: சொந்தபந்தம் குரூப்பில் ஒரு ராத்திரி

எல்லிஸ்நகர் அத்தை: "மதுரையில இருந்து இலங்கைக்கு கரண்ட் போகப்போகுது, இனி நமக்கு கட்டுதான்"னு ஒரு பார்வர்டு சுத்துது. நெசமாண்ணே?

திருமங்கலம் பெரியப்பா: லைனே இன்னும் இழுக்கலம்மா. 2025 ஏப்ரல்ல ரெண்டு அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கு, அம்புட்டுதான். மன்னார் வரைன்னு பேசறதுக்கு முந்தின பழைய திட்டப்படி மதுரை – அனுராதபுரம் 285 கி.மீ., அதுல 50 கி.மீ. போல கடலுக்கடியில. முதல்ல 500 மெகாவாட், பெறகு 1,000. 2024 மே மாசம் இந்தியாவோட உச்சத் தேவை 250 ஜிகாவாட், அதாவது 2,50,000 மெகாவாட். அதுல 500 மெகாவாட்டுங்கறது ஐநூத்துல ஒரு பங்கு. அதுக்குப் போயி நம்ம தெருவுல பீஸைப் பிடுங்க மாட்டாங்க 😀 அதோட இது ரெண்டு பக்கமும் ஓடுற லைன். இலங்கையோட மன்னார்ல காத்தாடி கரண்ட் மிஞ்சுனா இங்கிட்டும் வரும்.

கார்த்தி: இது டிசி லைனாமே, அதாவது ஒரே திசையில ஓடுற கரண்ட்டு. எதுக்கு டிசி, பெரியப்பா? ரெண்டு பக்கமும் 50 ஹெர்ட்ஸ்தானே?

திருமங்கலம் பெரியப்பா: ஹெர்ட்ஸ் ஒண்ணுதான், ரெண்டு நாட்டு ஜெனரேட்டரும் சேந்து சுத்தலையேடா. நம்ம வீட்டுக்கு வர்ற மாதிரி ஏசி கரண்ட்ல கட்டிட்டா அங்க ஒரு ஆட்டம் வந்ததும் லைன் தாங்காம பிரிஞ்சுரும். டிசில எவ்வளவு போகணும்னு, ஏசியை டிசியா மாத்துற கன்வெர்ட்டர் முடிவு பண்ணும். அதுலயும் தைரிஸ்டர்ங்கற பழைய ஸ்விட்ச் வச்ச ரகம் வலுவில்லாத கிரிட்டுக்கு, அதாவது மின் வலையமைப்புக்கு ஆகாது, வோல்டேஜ் சரிஞ்சா ஒரு ஸ்விட்ச்சுல இருந்து அடுத்ததுக்கு கரண்ட் மாறுறது (கம்யூட்டேஷன்) தவறிப்போகும். நெனச்ச நேரம் அணைக்க முடியுற ஐஜிபிடி ஸ்விட்ச் ரகம்தான் தோது. இன்னொண்ணு, இலங்கையில உச்சத் தேவையே 3,000 மெகாவாட்டுக்குள்ள. 500 மெகாவாட் லைன் ஒரே அடியா ட்ரிப்பானா தாங்குற அளவுக்குக் கையிருப்பு ஜெனரேட்டர் எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கணும். அந்தச் செலவை எந்தப் பேப்பரும் எழுத மாட்டான்.

எல்லிஸ்நகர் அத்தை: அதானி அங்க காத்தாடி போடுறேன்னு சொன்னாரே, என்னாச்சு?

பேங்க் சித்தப்பா: 2025 பிப்ரவரில விலகிட்டாங்கக்கா. மன்னார், பூநகரி சேத்து 484 மெகாவாட், 44 கோடி டாலர் முதலீடு. டெண்டர் இல்லாம பேசி, யூனிட் 8.26 அமெரிக்க சென்ட்டுனு 20 வருசத்துக்கு முடிச்சிருந்தாங்க. இலங்கையில வந்த புது அரசு விலையைத் திரும்பப் பேசணும்னுச்சு. அதே மன்னார்ல 50 மெகாவாட்டுக்குப் போட்டி டெண்டர் விட்டா உள்ளூர் கம்பெனி 4.65 சென்ட்டுக்கு வந்து நிக்குது.

கார்த்தி: கிட்டத்தட்ட பாதி விலையா!

பேங்க் சித்தப்பா: கணக்குப் போடு. காத்தாடி முழுத் திறன்ல 40% ஓடுதுன்னு வச்சுக்கிட்டா ஒரு மெகாவாட் வருசத்துக்கு 35 லட்சம் யூனிட். 484-க்கு சுமார் 170 கோடி யூனிட். யூனிட்டுக்கு 3.61 சென்ட் வித்தியாசம்னா வருசத்துக்கு 6 கோடி டாலர். ஆனா 50-ஐயும் 484-ஐயும் அப்படியே ஒப்பிடவும் கூடாது, இடமும் லைன் செலவும் வேற வேற.

இதைவிட ஆபத்து டாலர். 2022 தொடக்கத்துல டாலர் 200 ரூபா, அதாவது அவங்க ரூபா. 8.26 சென்ட்டுன்னா 16.50. சில மாசத்துல டாலர் 360 ஆச்சு, அதே யூனிட் 29.70. ஜனங்க பில்லு கட்டுறது ரூபாயில, அங்கத்த அரசு மின்சார வாரியம் கொடுக்க வேண்டியது டாலர் கணக்குல. நாடே 2022 ஏப்ரல்ல கடனைக் கட்ட முடியாதுன்னு நின்னுச்சு. அதைப் பாத்த முதலீட்டாளன் வட்டியை ஏத்தித்தான் விலை சொல்லுவான்.

கார்த்தி: அப்ப கடன் வாங்கி இலங்கையே காத்தாடி போட்டா?

பேங்க் சித்தப்பா: போட்டிருக்காங்களே. மன்னார்லயே தம்பபவனி, 30 காத்தாடி, ஒவ்வொண்ணும் 3.45 மெகாவாட். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், சொத்து வாரியத்தோடது. டாலர் பாரம் தீராது, லாபம் மட்டும் வெளிய போகாது.

திருமங்கலம் பெரியப்பா: கரண்ட்டை உண்டாக்குனா போதுமா, அந்த நேரத்துல வாங்க ஆள் வேணும்ல. 2025 பிப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை. தேவை கம்மி, வெயில் கரண்ட் ஏகத்துக்கு. இலங்கையோட பாணந்துறை சப் ஸ்டேஷன்ல ஒரு குரங்கு ஏறி ஃபால்ட். சுத்துற கனமான மிஷின் குறைவா இருந்ததால பிரீக்வன்சி, அதான் அந்த 50 ஹெர்ட்ஸ், மடமடன்னு விழுந்து நாடே இருட்டு. நுரைச்சோலை நிலக்கரி யூனிட்டும் நின்னு, அதைத் திரும்ப எழுப்ப நாளாச்சு. ஏப்ரல் புத்தாண்டு லீவுல மொட்டைமாடி சோலாரைப் பகல்ல அணைச்சு வையுங்கன்னு கேக்க வேண்டியதாப்போச்சு.

எல்லிஸ்நகர் அத்தை: குரங்கா!! எங்க மாடில தண்ணி டேங்க் மூடியோட விட்டுச்சே, அதுவரைக்கும் நல்லது.

கார்த்தி: பேட்டரி வச்சா சரியாகிருமா?

திருமங்கலம் பெரியப்பா: அளவைப் பாரு. யாழ்ப்பாணம் பக்கத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூணுக்கும் சேத்து சோலார் 1,700 கிலோவாட், காத்தாடி 530, பேட்டரி 2,400 யூனிட். முதல்ல ஆசிய வளர்ச்சி வங்கி டெண்டர்ல சீனக் கம்பெனிக்குப் போன வேலை, பெறகு இந்திய மானியமா மாறுச்சு. உச்சி வெயில்ல சோலார் முழுசா அடிச்சா, பேட்டரி ஒண்ணரை மணி நேரத்துல ரொம்பிரும். ராவுல காத்தும் இல்லாமப்போனா? அதுக்குத்தான் பக்கத்துலயே டீசல் செட்டும் நிக்குது.

பேங்க் சித்தப்பா: கார்த்தி, காலேஜ் பிராஜெக்ட்டுக்கு எழுதுறேன்னா விலையோட நிறுத்தாத. ஒப்பந்தத்துல "வாரியம் நிறுத்தச் சொன்ன நேரத்துக்கு யார் காசு கொடுக்கணும்"ங்கற பத்தியைத் தேடு. அதுக்கும் வாரியமே கொடுக்கணும்னு இருந்தா, காத்தாடி சும்மா நின்னாலும் மீட்டர் ஓடுன மாதிரிதான்.