ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நிலநத்தை: புதிய சிற்றினமாக விவரிக்க என்னென்ன வேண்டும்?

சல்லடைக்கண்:
சுண்ணாம்புப் பாறையடியில் அள்ளிய இலைமக்கைச் சலித்ததில் கிடைத்த நத்தை. ஓட்டின் உயரம் சுமார் 0.9 மி.மீ., நான்கு சுற்று, ஓட்டின் வாய்க்குள் பல் போன்ற புடைப்பு இரண்டு. பேரினம் பிடிபடுகிறது, சிற்றினம் எதனோடும் ஒத்துவரவில்லை. வெற்று ஓடுகள் பத்துப் பன்னிரண்டு, உயிரோடு பிடித்து எத்தனாலில் போட்டவை இரண்டு. இவ்வளவு குறைவான மாதிரியை வைத்துப் புதிய சிற்றினம் என்று எழுதலாமா? டிஎன்ஏ கட்டாயமா? எஸ்.இ.எம். (மின்னணு நுண்ணோக்கி) படத்துக்கு எல்லா ஓட்டையும் கொடுத்துவிடலாமா?

தொப்புள்துளை:
எண்ணிக்கை தடையில்லை. சீனாவின் குவாங்சியில் கிடைத்த அங்குஸ்டோபிலா டொமினிகே என்ற நிலநத்தை 2015-இல் ஒரே ஒரு ஓட்டை வைத்து விவரிக்கப்பட்டதுதான். அதன் உயரம் 0.86 மி.மீ. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஓடு முதிர்ந்ததா என்பதை. வளர்ச்சி முடிந்த ஓட்டில் வாய்விளிம்பு தடித்தோ வெளிப்புறமாக மடிந்தோ இருக்கும், பற்களும் முழு வடிவில் இருக்கும். விளிம்பு கூர்மையாக, காகிதம் போல் மெலிந்திருந்தால் அது குஞ்சு. பல சிறு நத்தைகளில் குஞ்சின் பற்கள் முதிர்ந்ததன் பற்களைப் போல இருக்காது. குஞ்சை வைத்துப் பெயர் சூட்டப்பட்டுப் பின்னால் செல்லாமல் போன பெயர்கள் கொஞ்சமல்ல.

அடுத்தது ஒப்பீடு. கட்டுரை நிற்பதும் விழுவதும் இதில்தான். விவரிப்பை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, "பிற சிற்றினங்களிலிருந்து வேறுபடுகிறது" என்று ஒரு வரியில் முடித்தால் நடுவர் திருப்பி அனுப்புவார். மெல்லுடலிகளின் பெயர்களுக்கான இணையத் தரவுத்தளமான மொலஸ்காபேஸில் அந்தப் பேரினத்தின் முழுப் பட்டியலை எடுங்கள். பக்கத்துப் பேரினங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் நத்தை எப்போதோ தவறான பேரினத்தில் பெயர் வாங்கியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மூல விவரிப்பைப் படியுங்கள். பழைய கோட்டோவியத்தை நம்பாமல், ஹோலோடைப்பின் (பெயருக்கு ஆதாரமாகக் குறித்த ஒற்றை மாதிரி) படத்தை அருங்காட்சியகத்திடம் கேளுங்கள். பிறகு மிக நெருங்கிய நாலைந்து சிற்றினங்களோடு பண்பு பண்பாக ஒப்பிடுங்கள்: பல் எத்தனை, வாயின் எந்தச் சுவரில், எவ்வளவு உள்ளே போகிறது, தொப்புள்துளை (ஓட்டின் அடியில் நடுவில் உள்ள துளை) எவ்வளவு அகலம், ஓட்டு மேற்பரப்பில் வரியா குழியா.

ஹோலோடைப்புக்கு முழுமையான, முதிர்ந்த, உடையாத ஓடு. எஸ்.இ.எம். படத்துக்காகப் பூசும் தங்கப் பூச்சு அதற்கு வேண்டவே வேண்டாம். பூச்சுக்குப் பாராடைப் (விவரிப்புக்குப் பயன்பட்ட மற்ற மாதிரி) ஒன்றிரண்டு போதும். கார்பன் ஒட்டுநாடாவில் ஒட்டிய ஓட்டைப் பிரித்தெடுக்கும்போது விளிம்பு உடைவது சகஜம். குறைந்த வெற்றிட எஸ்.இ.எம். கிடைத்தால் பூச்சே தேவையில்லை. பல் உள்ளே எதுவரை ஓடுகிறது என்று பார்க்க ஓட்டை உடைக்காமல் மைக்ரோ சிடி (முப்பரிமாண எக்ஸ்கதிர்ப் படம்) எடுக்கலாம்.

குவியப்படம்:
அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த அளவு ஓட்டில் 0.02 மி.மீ. பிசகினாலே இரண்டு விழுக்காட்டுக்கு மேல் பிழை. ஒவ்வொரு உருப்பெருக்கத்துக்கும் அளவுத்தகடு (நுண்ணளவுக் கோடுகள் போட்ட கண்ணாடி) வைத்துத் தனித்தனியாகச் சரிபாருங்கள், நுண்ணோக்கியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பெரிய பிழை வருவது சாய்வால். ஓட்டின் அச்சு சற்று முன்னால் சாய்ந்தாலும் உயரமும் வாயின் வடிவமும் மாறித் தெரியும். நுண்மணலில் நிறுத்தி, வாய்ப்பக்கம், பக்கவாட்டு, முனை, தொப்புள் என நான்கு பார்வையிலும் பல குவியங்களில் எடுத்து அடுக்குங்கள்.

சுற்றுகளை முனைப் பார்வையில் எண்ணுங்கள். முதல் மடிப்புக்கோடு (சுற்றுகள் ஒன்றோடொன்று சேரும் கோடு) தொடங்கும் இடத்தில் ஒரு நேர்கோடு போட்டு, அங்கிருந்து வாய்விளிம்பு வரை கால் சுற்றுத் துல்லியம். எண்ணிய முறையையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் இன்னொருவர் எண்ணுவதோடு பொருந்தாது. முதிர்ந்த எல்லா ஓட்டையும் அளந்து வீச்சைக் கொடுங்கள்.

சல்லடைக்கண்:
நன்றி. விளிம்பு மடிந்தவை ஏழு இருக்கின்றன. ஓட்டின் மேல் மண் ஒட்டியிருக்கிறதே, அல்ட்ராசானிக்கில் (மீயொலி அதிர்வால் கழுவும் தொட்டி) போடலாமா?

தொப்புள்துளை:
கழுவும் முன் படம் எடுங்கள். மண் அதன் சொந்த வேலையாக இருக்கலாம்! 2022-இல் விவரிக்கப்பட்ட அங்குஸ்டோபிலா கோப்ரோலோகோஸ், ஓட்டின் மேல் மண் உருண்டைகளை ஒழுங்காக ஒட்டிவைக்கும். எல்லா ஓட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் அதுவும் ஒரு பண்பு. பிறகு ஒன்றிரண்டை மட்டும் நீரில் ஊறவைத்து, நுனி மெலிந்த ஈரத் தூரிகையால் தள்ளுங்கள். அல்ட்ராசானிக் சில நொடிகள் போதும், அதையும் பாராடைப்பில் முதலில் சோதியுங்கள். பிளீச் வேண்டாம், ஓட்டின் மேல்தோலைத் தின்றுவிடும். இடுக்கியால் தூக்காதீர்கள். பஞ்சில் வைத்தால் இழை வாய்விளிம்பில் மாட்டும். மரப்பெட்டியும் மலிவான அட்டைப்பெட்டியும் விடும் அமில ஆவியில் ஓடு வெண்பொடி பூத்து அரிக்கும். கண்ணாடிக் குப்பி நல்லது.

மரபுக்கீற்று:
டிஎன்ஏ கட்டாயமில்லை, ஆனால் உயிருள்ள மாதிரி கையில் இருக்கும்போது விடுவது வீண். ஒன்றை மட்டும் தொடுங்கள், ஹோலோடைப் அதுவல்ல என்று உறுதிசெய்த பிறகு. எத்தனால் 95 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. நத்தை உள்ளிழுத்துக்கொண்டால் உடல் நீர் அதை நீர்க்கச் செய்யும், மறுநாள் மாற்றுங்கள். புரதத்தைக் கரைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே-யில் முழு நத்தையைப் போட்டால் சதை கரைந்து ரேடுலா (நத்தையின் பல்நாக்கு) மிஞ்சும், அதையும் படம் எடுக்கலாம். ஆனால் கரைசலில் இடிடிஏ என்ற வேதிப்பொருள் இருந்தால் சுண்ணாம்பைப் பிடித்திழுத்து ஓட்டை அரித்துவிடும். எனவே நான்கு பார்வைப் படமும் முதலில்.

சிற்றினம் அறியப் பார்க்கும் சிஓஐ மரபணுவைப் பெருக்க உதவும் பிரைமர் (சிறு டிஎன்ஏ துண்டு) இந்தச் சிறு நத்தைகளில் அடிக்கடி கைவிடும். 16எஸ், 28எஸ் என்ற மரபணுக்கள் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். இத்தனை விழுக்காடு வேறுபட்டால் புதியது என்ற சூத்திரம் மட்டும் வேண்டாம். ஐரோப்பிய நிலநத்தையான செபேயா நெமோராலிஸில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மைட்டோகாண்ட்ரியா வேறுபாடு 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

தொப்புள்துளை:
இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒப்பிட அண்டைச் சிற்றினங்களின் டிஎன்ஏ வரிசையே இல்லாதபோது ஒற்றை வரிசையால் என்ன தெரியும்? இரண்டாவது நத்தையை அப்படியே எத்தனாலில் விட்டுவையுங்கள்.

மரபுக்கீற்று:
அது சரி. ஒன்று போதும்.

பெயர்ப்பதிவு:
விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிகள் சுருக்கமாக. 2000 முதல், புதியது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஹோலோடைப் குறிப்பிட வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், வெளியாகும் முன்பே விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து, பதிவுக்கான ஆதாரம் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். அடைமொழி (பெயரின் இரண்டாம் சொல்) பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலுக்கு ஒத்துப்போகட்டும்: அங்குஸ்டோபிலா பெண்பால், ஆகவே மினூட்டா, மினூட்டஸ் அல்ல. அதுவரை பெயரை முன்வரைவிலோ சமூக ஊடகத்திலோ விடாதீர்கள்.

இன்னொன்று: வெற்று ஓடு மேலிருந்து உருண்டோ வெள்ளத்தில் அடித்தோ வந்திருக்கலாம். உயிருள்ளவை எடுத்த இடத்தை வாழிடமாகவும், மற்றதை ஓடு கிடைத்த இடமாகவும் பிரித்தெழுதுங்கள். எத்தனால் குப்பிக்குள் போடும் சீட்டை பென்சிலில் எழுதுங்கள், பால்பாயிண்ட் மை கரைந்துவிடும்.