ஒரே இன்ஜின், ஒரே விலை, இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டும் ஏன் வேறு?

கேள்வி: நானும் தம்பியும் ஒரே மாதத்தில் கார் வாங்கினோம். இரண்டும் 1.2 லிட்டர், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரீமியம் மட்டும் எனக்குக் கூடுதல். நான் வண்டியில் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை. அவனோ மாதம் ஒரு தூணில் இடிப்பவன்!

பதில்: ஓட்டுநர் இருக்கட்டும், இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் வண்டியைத்தான் எடை போடுவார்கள். உதிரிபாக விலை, பழுதுபார்க்க ஆகும் நேரம், திருட்டு, அந்த மாடலுக்கு வந்த க்ளெய்ம்கள். பிரிட்டனில் இப்படித்தான் பல ஆண்டுகளாகக் கார்களை 1 முதல் 50 வரை குழு பிரித்தார்கள். உங்களுடையது டாப் மாடலா?

கேட்டவர்: ஆமாம். பம்பரில் சென்சார், முன்கண்ணாடியில் கேமரா எல்லாம் உண்டு. பாதுகாப்பு அதிகம், அதனால் பிரீமியம் குறையும் என்றல்லவா நினைத்தேன்!

பதில்: தானியங்கி பிரேக் போன்றவற்றால் குறையவும் வாய்ப்புண்டு. ஆனால் கண்ணாடியை மாற்றினால் பெரும்பாலும் அந்தக் கேமராவையும் மறுபடி சரிபார்த்துப் பொருத்த வேண்டும். சின்ன இடிக்கே பெரிய பில்.

இன்னொருவர்: அப்புறம் வயது, ஓடும் தூரம், இரவில் நிறுத்தும் இடமும் சேரும். தம்பி க்ளெய்ம் போடுகிறாரா?

கேட்டவர்: எங்கே! நேராக டிங்கரிங் கடைக்குப் போய்விடுவான். கைக்காசுதான்.