தியேட்டர் வாசல் மிதிக்காத விசுவாசி எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம்?

தேரிமணல்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். போன ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் மடக்கினான். "அண்ணாச்சி, நீங்க படமே பார்க்க மாட்டீங்களாமே, ஏன்?" நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இது என் சொந்தக் கருத்து. சபையின் கருத்து இல்லை, யாருக்கும் சட்டமும் இல்லை.

கடைசியாகத் தியேட்டருக்குப் போனது 2001-ல். அடுத்த வருஷம் ஒரு கன்வென்ஷன் (நற்செய்திப் பெருங்கூட்டம்) கூட்டத்தில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அன்றோடு சினிமா, சீரியல் இரண்டும் நின்றது. சினிமா பிடிக்காது என்று நினைக்காதீர்கள், ரொம்பப் பிடிக்கும், அதுதான் சிக்கலே. ஒரு படம் பார்த்தால் நாலு நாளைக்கு அதுவே ஓடும். முழங்கால் போட்டுக் கண்ணை மூடினால் கதாநாயகன் நடந்து வருவான், பின்னாலேயே அவனுக்குரிய இசையும் வரும்.

பழங்காலச் சபைப் பிதா அகஸ்டின் தம் 'அறிக்கைகள்' நூலில் நண்பர் அலிப்பியுஸ் கதையைச் சொல்கிறார். சட்டம் படிக்க ரோமுக்குப் போன இடத்தில் கூட்டாளிகள் அவரைக் கட்டாயமாக வாள்சண்டை அரங்கத்துக்கு இழுத்துப் போனார்கள். என் உடம்பைத்தான் உங்களால் இழுத்துப்போக முடியும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ ஒருவன் விழுந்தான், அரங்கமே கத்தியது. என்னதான் நடந்தது என்று கண்ணைத் திறந்தார், அவ்வளவுதான். அதன் பிறகு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற ஆளாகிவிட்டார். காதையும் மூடியிருக்கக் கூடாதா என்று அகஸ்டின் ஆதங்கப்படுகிறார். அந்த அலிப்பியுஸ் நான்தான்.

இன்னொன்று. முதல் நாள் முதல் காட்சிக்கு முண்டியடிப்பதும் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதும் சூடம் காட்டுவதும் நம் ஊரில் நடக்கிறது. "இது வெறும் பொழுதுபோக்குதானே" என்று சொல்பவர்கள் அந்தப் பாலைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். அது ஆராதனை. ஆராதனை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

புத்தகங்களில் ஹாரி பாட்டர் எங்கள் வீட்டுக்குள் வராது. பைபிளில் உபாகமம் 18-ஆம் அதிகாரம் தெளிவாக இருக்கிறது, சூனியக்காரன் உங்களுக்குள்ளே இருக்கவேண்டாம். நார்னியா கதைகளுக்குத் தடை இல்லை, எழுதிய சி.எஸ்.லூயிஸ் விசுவாசி. இயேசுவைப் பற்றிய படங்கள் பற்றிக் கேட்டால் சொல்கிறேன், அதிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

கதைப்பைத்தியம்:
அண்ணாச்சி, அலிப்பியுஸ் கதைக்கு நன்றி, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் அகஸ்டினைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே! சின்ன வயதில் ரோமக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தில் டைடோ ராணி செத்ததற்கு அழுதேன், என் ஆத்துமா செத்துக்கொண்டிருந்ததற்கு அழவில்லை என்று வருத்தப்பட்டவரும் அவர்தான். அதே மனிதர் வயதான காலத்தில் எழுதிய 'தேவ நகரம்' நூலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் வெர்ஜில். விட்டுவிட்டேன் என்று சொன்ன புத்தகத்தை அவர் விடவே இல்லை.

நார்னியாவுக்கும் வருகிறேன். முதல் புத்தகத்திலேயே வெள்ளைச் சூனியக்காரி இருக்கிறாள். மந்திரக்கோல் இருக்கிறது, அதனால் தொட்டவர்கள் கல்லாகிறார்கள். உபாகமம் 18 அவளுக்குப் பொருந்தாதா? எழுதியவர் விசுவாசி என்பதால் அவருடைய சூனியக்காரிக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டீர்களா?

தேரிமணல்:
நல்ல கேள்வி. நார்னியாவில் சூனியக்காரி கெட்டவள், சிங்கம் அவளைத் தோற்கடிக்கிறது. ஹாரி பாட்டரில் சூனியம் கற்கிற பிள்ளைதான் நாயகன். பள்ளிக்கூடம், சீருடை, பரீட்சை எல்லாம் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இறங்கும் என்று யோசியுங்கள்.

மூணாம் மணி:
பிரதர், நீங்கள் நார்னியாவுக்குக் கதவு திறந்துவிட்டதே தவறு. மகனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று நானும் படித்தேன். இரண்டாவதாக வந்த புத்தகத்தில், 1951-ல் வெளியானது, பாக்கஸ் வருகிறான். கிரேக்கர்களின் மதுத் தெய்வம். ஆட்டமும் பாட்டும் திராட்சைக்கொடியுமாக, அந்தச் சிங்கத்தின் கூடவே! சிங்கம் கிறிஸ்துவுக்கு அடையாளம் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அப்படியானால் கிறிஸ்துவோடு பாக்கஸ் நடனம் ஆடுகிறானா? அன்றைக்கே எடுத்துப் பரணில் போட்டேன்.

கற்பனைக் கதையே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. வேதத்தில் இல்லாத கதையா? பிள்ளைகளுக்குத் தாவீது போதும்.

தேரிமணல்:
பாக்கஸ் விஷயம் எனக்குத் தெரியாது பிரதர். முதல் புத்தகம் மட்டும்தான் படித்தேன். பார்க்கிறேன்.

கதைப்பைத்தியம்:
மூணாம் மணி ஐயா, தாவீது கதையைப் பிள்ளைக்குச் சொல்லும்போது பத்சேபாளோடு நிறுத்துவீர்களா, அம்னோன், தாமார் வரை போவீர்களா? ஒரு பெண்ணைக் கும்பல் சீரழித்துச் சாகடிக்கிற நியாயாதிபதிகள் 19-ஐ அப்படியே படமாக எடுத்தால் எந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். அதையும் நாங்கள் சின்ன வயதில் வருஷா வருஷம் வேதம் வாசித்து முடிக்கும் அட்டையில் டிக் போட்டுக்கொண்டே படித்தோம். யாரும் கெட்டுப்போகவில்லை.

கற்பனையே வேண்டாம் என்றால் ஜான் பனியன் எழுதிய 'மோட்சப் பிரயாணம்'? 1678-ல் அதை அச்சிடுவதற்கு முன்னால் அவருடைய ஆட்களே இரண்டாகப் பிரிந்தார்கள். போடு என்றது ஒரு கட்சி, போடாதே என்றது இன்னொன்று. முன்னுரைச் செய்யுளில் அவரே இதைச் சொல்கிறார். "போடாதே" கட்சி ஜெயித்திருந்தால் உங்கள் பீரோவில் இன்றைக்கு ஒரு புத்தகம் குறைவு.

குருத்தோலை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் ஆர்.சி. எங்கள் பக்கம் இந்தச் சண்டை இவ்வளவு சூடாக நடந்ததாக நினைவில்லை. 1948-ல் ஒரே வருஷத்தில் 'ஞான சௌந்தரி' கதை இரண்டு படமாக வந்தது. சிட்டாடல் எடுத்தது ஓடியது, ஜெமினி எடுத்தது படுத்துவிட்டது. மாதாவிடம் அழுது ஜெபிக்கிற கதைக்கு எங்கள் பாட்டி மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனார்களாம். வந்ததும் ஜெபமாலை சொல்லிவிட்டுத்தான் தூங்கினார்களாம். சரி, தொடருங்கள்.

தேரிமணல்:
குருத்தோலை, உங்கள் பாட்டியோடு எனக்குச் சண்டை இல்லை!

பனியன் பற்றி. உருவகம் வேறு, பொழுதுபோக்கு வேறு. அந்தக் கதையின் நாயகன் கிறிஸ்தியான் முதுகில் இருக்கிற சுமை என் சுமை. அதைப் படித்தால் நான் என்னைப் பார்க்கிறேன். சினிமாவில் என்னை மறக்கிறேன். இதுதான் என் அளவுகோல்.

ஹார்மோனியம்:
தம்பி தேரிமணல், நாற்பது வருஷமாகப் பாடகர் குழுவில் இருக்கிறவன் பேசுகிறேன். உங்கள் அளவுகோல் நல்லதுதான், ஆனால் அதை வைத்து நம் சொந்த வீட்டையே அளந்து பார்த்தீர்களா?

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சி என்றால் என்ன? குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்கிற ஆட்டம். கோயிலிலும் அரண்மனையிலும் ஆடினது. குறி சொல்லுதல் உங்கள் உபாகமம் 18-லேயே இருக்கிறது. சாஸ்திரியார் அந்தக் குறத்தியைக் கூப்பிட்டு இயேசுவைப் பற்றிச் சொல்ல வைத்தார். அவருடைய கீர்த்தனைகளைப் பாமாலைப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி நாம் ஞாயிறுதோறும் பாடுகிறோம்.

அடுத்தது நம் திருநெல்வேலிச் சீமை எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை. 1894-ல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' இதே பனியன் கதைதான். ஆனால் படித்தால் கம்பன் வாசம் அடிக்கும். கிறிஸ்தவக் கம்பர் என்றே அவரைச் சொல்கிறோம். கம்பராமாயணத்தை அவர் பரணில் போட்டிருந்தால் நமக்கு யாத்திரிகம் கிடைத்திருக்குமா?

மூணாம் மணி:
கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் ஐயா. இரட்சிக்கப்படுவதற்கு முன்னால் படித்தது கம்பன். பின்னால் அது தானாக வந்தது. அதை வைத்து நம் பிள்ளைகளை இன்று அந்தப் பக்கம் அனுப்பலாமா?

ஹார்மோனியம்:
தானாக வந்ததா? ஆயிரக்கணக்கில் விருத்தம் தானாக வராது தம்பி. உட்கார்ந்து எழுதினார். பாபிலோனில் தானியேல் என்ன செய்தார்? ராஜாவின் போஜனம் வேண்டாம் என்றார். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படிக்கச் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டைத்தான் மறுத்தார், பாடத்தை இல்லை. பவுல் அத்தேனே பட்டணத்தில் "உங்கள் புலவர்களிலும் சிலர்" என்று எடுத்துச் சொன்னாரே, அந்தப் புலவர்களை எங்கே படித்தாராம்?

தேரிமணல்:
தானியேல் வாதம் பலமாக இருக்கிறது அண்ணாச்சி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று பாருங்கள். தானியேல் தினம் மூன்று வேளை எருசலேமை நோக்கி ஜன்னலைத் திறந்து ஜெபித்தவர். அந்த ஜன்னல் எனக்கு இருந்தால் நானும் கல்தேயம் படிக்கலாம். என் ஜன்னல் எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியும்.

கதைப்பைத்தியம்:
இது நியாயம். "என்னால் முடியாது" என்று சொன்னால் யாரும் வாதாட வரமாட்டோம். "வீட்டுக்குள் வராது" என்கிறபோதுதான் வருகிறோம். அந்த வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்களே.

ஒரு சந்தேகம். இயேசு படங்களில் தயக்கம் என்றீர்களே, அது என்ன?

தேரிமணல்:
சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயில் காம்பவுண்டில் 'இயேசு' படம் போட்டார்கள். லூக்கா சுவிசேஷத்தை வைத்து எடுத்து 1979-ல் வெளியானது. இரண்டு பனைமரத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். முன்னால் இடம் கிடைக்காமல் நாங்கள் பையன்கள் துணிக்குப் பின்னால் போய் மணலில் உட்கார்ந்தோம். அந்தப் பக்கமிருந்து எல்லாம் இடவலம் மாறித் தெரியும். ஆண்டவர் இடது கையால் அப்பம் பிட்டார். காற்று அடித்தபோது துணி உப்பி அவர் முகமும் உப்பியது. ரொம்ப நாள் இயேசப்பா இடதுகைக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் ஜெபத்தில் அந்த நடிகர் முகம்தான் வருகிறது. அவர் யாரோ ஒரு பிரிட்டிஷ்காரர். என் ஆண்டவருடைய முகத்தை ஒரு நடிகரிடம் கொடுத்துவிட்டேனே என்று வருத்தமாக இருக்கும்.

2004-ல் இயேசுவின் பாடுகளைப் பற்றிய மெல் கிப்சன் படம் வந்தபோது சபையில் பஸ் பிடித்துக் கூட்டிப் போனார்கள். நான் போகவில்லை. பின்னால் ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது வாரடி காட்சியைப் பார்க்க நேர்ந்தது. அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், முடியவே இல்லை. யோவான் 19:1-ல் அது ஒரே வரி: "அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்." அந்த ஒரு வரிக்கு மேல் யோவான் சொல்லவில்லை. கூட நின்று பார்த்த சீஷனே அதோடு விட்டுவிட்டான்.

மூணாம் மணி:
ஆமென்.

ஹார்மோனியம்:
இதில் நானும் உங்கள் கட்சி.

கதைப்பைத்தியம்:
நானும்தான். எதிர்பார்க்கவில்லை!

அப்படியானால் 2006-ல், இயேசுவுக்குக் கல்யாணம் ஆனதாகக் கதை சொல்கிற 'டாவின்சி கோட்' படத்தைத் தமிழக அரசு நிறுத்தி வைத்தபோது கொண்டாடியிருப்பீர்களே?

தேரிமணல்:
இல்லை. கையெழுத்து வாங்க வந்தவர்களிடம் போடமாட்டேன் என்று சொன்னேன், இரண்டு பேர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தணிக்கை வாரியம் 'ஏ' சான்றிதழ் கொடுத்து, எல்லாம் கற்பனை என்று அறிவிப்பும் போடச் சொல்லியிருந்தது. அதற்கு மேல் அரசு இரண்டு மாதத் தடை போட்டது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. இன்று அவர்கள் படத்தை நான் நிறுத்தினால் நாளைக்கு என் கன்வென்ஷன் பந்தலை இன்னொருவன் நிறுத்துவான். நான் போகமாட்டேன் என்பது வேறு, நீயும் போகாதே என்று போலீசைக் கூப்பிடுவது வேறு.

மூணாம் மணி:
இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். ஆண்டவரைத் தூஷிக்கிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா?

தேரிமணல்:
சும்மா இருக்கச் சொல்லவில்லை பிரதர். அந்த மாதம் வாலிபர் கூடுகையில் நாலு வாரம் சுவிசேஷங்கள் எப்படி எழுதப்பட்டன என்று பாடம் எடுத்தோம். வழக்கமாக வருவதைவிட அதிகம் பேர் வந்தார்கள்.

கதைப்பைத்தியம்:
ஒரே ஒரு குறும்புக் கேள்வி. 2001-க்குப் பிறகு படமே பார்க்காதவர், குடும்ப வாட்ஸப் குரூப்புகளில் உங்களைப் போன்ற அண்ணாச்சிகள் அனுப்புகிற வடிவேலு ஸ்டிக்கர் எல்லாம் எங்கிருந்து வருகிறது?

தேரிமணல்:
பிடித்துவிட்டீர்கள். அது எந்தப் படம் என்றுகூட எனக்குத் தெரியாது. சத்தியமாக... சரி, சத்தியம் பண்ணக்கூடாது. தெரியாது.

கதைப்பைத்தியம்:
அப்படியென்றால் இதையும் ஒன்று பாருங்கள். ஹாரி பாட்டர் ஏழாம் புத்தகம், பதினாறாம் அத்தியாயம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. கோயிலுக்குள் பாட்டு கேட்கிறது, வெளியே பனி. ஹாரி தன் அப்பா அம்மா கல்லறையைத் தேடி வருகிறான். கல்லில் இருப்பது 1 கொரிந்தியர் 15:26, "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்." அதற்கு முன்னால் இன்னொரு கல்லறையில் மத்தேயு 6:21. படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தேரிமணல்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். அண்ணன் மகளிடம் வாங்கி அந்த அத்தியாயத்தை மட்டும் படித்தேன். நான் கேட்டதும் அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் தனியாக எழுத வேண்டும்.

வசனம் இருக்கிறது, இரண்டும் இருக்கிறது. கல்லில் இருப்பதைப் படித்த அந்தப் பையனுக்கு அர்த்தம் புரியவில்லை, எதிராளியின் கொள்கை போலிருக்கிறதே என்று பயப்படுகிறான். கூட வந்த பெண்பிள்ளைதான், மரணத்துக்கு அப்பாலும் வாழ்வது என்று விளக்குகிறாள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

மற்றபடி என் கருத்து மாறவில்லை. ஒரு குறையும் உண்டு. வசனத்தைப் போட்டவர்கள் எங்கே இருக்கிறது என்று அதிகாரமும் வசன எண்ணும் போடவில்லை. ஆதாரம் சொல்லாத மனப்பாட வசனத்துக்கு எங்கள் ஞாயிறு பள்ளியில் பாதி மார்க்தான்.