அரையாண்டு விடுமுறையில் கடலூர், புதுச்சேரிக் கரையோரம் பறவை பார்க்க நான்கு நாட்கள்: எந்த இடங்களை விடலாம்?

மஞ்சக்குப்பம் வாசி:

வணக்கம். டிசம்பர் 26 முதல் 29 வரை நான்கு நாட்கள் கிடைத்திருக்கின்றன. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய என் மாமனார், நான் ஆகிய மூவரும் கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்தே நாள்தோறும் காரில் போய்வருவதாகத் திட்டம். புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரி, மரக்காணத்துக்கு அருகிலுள்ள கழுவெளி, பிச்சாவரம் அலையாத்திக் காடு, வீராணம் ஏரி, தேவனாம்பட்டினம் கடற்கரை என ஐந்து இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். கையில் இருப்பது எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் பைனாகுலர் ஒன்றுதான்.

சென்ற ஆண்டு ஊசுட்டேரிக்குக் காலை பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரியின் நடுவே மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தன. அவை நாமக்கோழிகளா வாத்துகளா என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை. மகள் கால்மணி நேரத்தில் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை அப்படி ஆகக் கூடாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? பிச்சாவரத்தில் படகு ஏறுவது மாமனாருக்குச் சரிப்படுமா?

வில்லியனூர் வழிப்போக்கன்:

நான்கு நாட்களுக்கு ஐந்து இடங்கள் என்பதே அதிகம், சகோதரி. மூன்று போதும், ஒரே இடத்துக்கு இரண்டு முறை போவதுகூட நல்லதுதான்.

ஊசுட்டேரியில் தாங்கள் கண்ட காட்சிக்குக் காரணம் உண்டு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை இரவில் ஏரியோரங்களிலும் நெல்வயல்களிலும் மேய்ந்துவிட்டு, பகலில் ஆளரவமற்ற நடுநீருக்குப் போய் உறங்குபவை. பத்தரை மணி என்பது அவற்றின் உறக்க நேரம். போதாததற்கு வெயில் ஏற ஏற நீரின்மேல் கானல் நெளியும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் அதன் ஊடே உருவம் கலங்கித்தான் தெரியும். ஆகவே ஆறேகால் மணிக்கெல்லாம் கிழக்குக் கரையில் நின்றுவிடுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், நீர்ப்பரப்பு முழுவதும் ஒளியில் இருக்கும். தட்டைவாயன் வாத்துகள் வட்டமாகச் சுற்றிச்சுற்றி நீந்தி, கரண்டி போன்ற அலகால் நீர்ப்பரப்பை அரித்துத் தின்பதைக் குழந்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், காருக்குள் போய் உட்காரமாட்டாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் டிசம்பர் இறுதியில் ஏரிகள் விளிம்புவரை நிறைந்திருக்கும். ஆழ நீர் வாத்துகளுக்கும் கூழைக்கடாக்களுக்கும் ஏற்றது. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகளுக்கோ கணுக்கால் அளவு நீரும் ஈரச் சேறும் வேண்டும். நிறைந்த ஏரியில் அவற்றைத் தேடிப் பயனில்லை. கழுவெளியையும் வீராணத்தையும் இந்தக் காரணத்தால்தான் விட்டுவிடச் சொல்கிறேன். வீராணத்தின் கரை 14 கி.மீ. நீளம் என்பதால் எங்கே நிற்பது என்று தேடுவதிலேயே காலை கழிந்துவிடும்.

மரக்காணத்தான்:

வீராணத்தைப் பற்றி ஐயா சொன்னது சரி. கழுவெளியை அதனோடு சேர்த்துத் தள்ளியது சரியில்லை. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த நீர்நிலை, முகத்துவாரம் வழியாகக் கடலோடு தொடர்புடைய உவர்நீர்ப் பரப்பு. சாதாரண ஏரியைப்போல் இதை எடைபோடக் கூடாது. பரப்பு பெரிது என்பதால் பைனாகுலர் மட்டும் வைத்துக்கொண்டு நடுவே பார்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே மரக்காணம் உப்பளங்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் உப்பு விளையாது. பாத்திகளில் மழைநீர் ஒரு சாண், அரைச் சாண் அளவில் தேங்கி நிற்கும். வழிப்போக்கன் ஐயா கேட்ட கணுக்கால் அளவு நீர் இதுவே. நெடுங்கால் உள்ளானும் பவளக்காலியும் சாலையிலிருந்து இருபது முப்பது அடி தூரத்தில் மேயும். பாத்தி வரப்புகள் மழையில் ஊறியிருக்கும், மிதித்தால் சரியும். அதைத் திரும்பக் கட்டுவது உப்பளத் தொழிலாளியின் உழைப்பு. சாலையோரத்திலேயே நின்று பாருங்கள்.

கடலூரிலிருந்து போகவர எப்படியும் 120 கி.மீ. ஆகும் என்பதையும், ஆண்டுக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கி வரும் வண்டிகள் குவியும் என்பதையும் மறைக்க மாட்டேன். விரும்பினால் பொங்கல் விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். அதற்குள் நீர் சற்று வடிந்து சேறு தெரியத் தொடங்கும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் ஆர்வலர்கள் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் மகளும் சேர்ந்துகொள்ளலாம்.

வெள்ளாற்றங்கரை:

பிச்சாவரம் பற்றி மட்டும் சொல்கிறேன், அம்மா. மாமனார் தாராளமாக வரலாம். துடுப்புப் படகையே கேளுங்கள்; மோட்டார் சத்தத்தில் பறவையும் நிற்காது, பேச்சும் கேட்காது. படகில் ஏறி இறங்கும் இடத்தில் மட்டும் ஒருவர் கை கொடுத்தால் போதும்.

நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்றவற்றத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நீர் வற்றும் வேளையில்தான் சுரபுன்னையின் முட்டுவேர்களுக்கு அடியில் சேறு வெளிப்படும், நண்டும் சேற்றுமீனும் மேலே வரும், கொக்குகளும் கோட்டான்களும் (ஆந்தையல்ல, வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை) இறங்கும். ஏற்றத்தின்போது பச்சைச் சுவரும் தண்ணீரும் மட்டுமே தெரியும். ஏற்றவற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளிப் போகும் என்பதால், 26ஆம் தேதி கேட்ட நேரம் 28ஆம் தேதிக்குப் பொருந்தாது. ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது, படகுக்காரர்களுக்கு அது மனப்பாடம். குறுகலான கால்வாயில் தாழ்ந்த கிளைகளைக் கவனியுங்கள்: கருந்தலை மீன்கொத்தி குளிர்காலத்தில் மட்டும் இங்கே வரும் விருந்தாளி. முதுகு ஊதா கலந்த நீலம், அலகு நல்ல சிவப்பு.

ஓர் எச்சரிக்கை. வேடிக்கையாகக்கூட மகள் கிளையை ஒடிக்க வேண்டாம். அங்குள்ள மரங்களில் தில்லையும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே தற்காலிகமாகக் கெடுக்கும்.

மஞ்சக்குப்பம் வாசி:

மூவருக்கும் நன்றி. 26 ஊசுட்டேரி, 28 பிச்சாவரம், 27 ஓய்வு. கழுவெளி பொங்கலுக்கு. 29 மாலைக்குத் தேவனாம்பட்டினம் போதுமா?

வில்லியனூர் வழிப்போக்கன்:

விடுமுறை மாலையில் அங்கே மனிதத் தலைகளைத்தான் எண்ண முடியும். சற்று வடக்கே, பெண்ணையாறு கடலில் கலக்கும் தாழங்குடாப் பக்கம் போங்கள். மணல்திட்டில் ஆலாக்களும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் காற்றை எதிர்நோக்கி வரிசையாக உட்கார்ந்திருக்கும். மாலை வெயில் மேற்கிலிருந்து விழுவதால் கடற்பக்கம் பார்க்கக் கண் கூசாது. படம் எடுப்பதற்காகக் கூட்டத்தை எழுப்பிவிடும் வழக்கம் சிலருக்கு உண்டு. ஆயிரக்கணக்கான கி.மீ. பறந்து வந்தவற்றை ஒரு படத்துக்காக ஓடவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

மஞ்சக்குப்பம் வாசி:

எழுப்ப மாட்டோம். இந்த இழையை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். சிறுவயதில் உள்ளானையும் மடையானையும் காலைக் கட்டிக் கோத்துச் சந்தையில் விற்பதைப் பார்த்தவர் அவர்; வாங்கித் தின்றும் இருக்கிறார். இப்போது அது சட்டப்படி குற்றம் என்று மகள் கண்டித்தாள். "தின்றவனுக்குத்தானே பெயர் தெரியும்" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்திருக்கையில் மண்ணிறமாகத் தெரியும் மடையான் எழுந்து பறக்கையில் எப்படி வெள்ளையாகிறது என்று அவளுக்குக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.