எடை மெஷினில் ஏறவே பயமாக இருக்கிறது

எல்லோருக்கும் வணக்கம். எடையைக் குறைக்க நடைப்பயிற்சியும் சாப்பாட்டில் கொஞ்சம் கட்டுப்பாடும் தொடங்கியிருக்கிறேன். அதெல்லாம் சரி, எடை மெஷின் பக்கம் மட்டும் போக முடியவில்லை. என்ன எண் வருமோ என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஒரே நாளில் 1, 2 கிலோ கூடக்குறைய இருப்பது இயல்புதான் என்று தெரியும். உப்பு அதிகமானால் உடம்பு நீரைப் பிடித்து வைக்கும். மாதவிடாய்க்கு முன்னும் பலருக்கு அப்படித்தான். கொழுப்பு ஒரே இரவில் அவ்வளவு ஏறாது. ஆனால் அறிவுக்குத் தெரிவது மனதுக்கு எட்டவில்லையே! முன்பெல்லாம் எண் கூடியிருந்தால் அன்று முழுக்கப் பட்டினி கிடக்கலாமா என்று புத்தி போகும். எடையை விட எனக்கு அதுதான் பெரிய கவலை.

இதைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள். தினமும் பார்த்து வாரச் சராசரி எடுத்தால் பயம் விட்டுப்போகுமா, இல்லை வாரம் ஒரு முறை போதுமா? தொடக்கத்தில் மெஷினையே ஒதுக்கிவிட்டு இடுப்பளவை மட்டும் டேப்பால் அளந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வீட்டில் வேறொருவரைக் குறித்து வைக்கச் சொல்லிவிட்டு, நான் எண்ணைப் பார்க்காமலே இருந்தால் உதவுமா?

டயட் பட்டியல் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.